மூன்றாம் வேற்றுமை

கொழும்புத்துறை. குருமடத்தின் மேல்மாடி வகுப்பு.
கடற்காற்று தாளைத் தூக்காதிருக்க
அழிறப்பர், அகராதி, யாருடையதோ ஒரு செபமாலை.
இலத்தீன் வாசிப்புப் பகுதி. மூன்றே வாக்கியம்:

ஆஜெர் காப்துஸ் எஸ்த். வயல் எடுக்கப்பட்டது.
பாக்ஸ் தாதா எஸ்த். சமாதானம் கொடுக்கப்பட்டது.
அக்ரிகோலே கௌதெந்த். உழவர் மகிழ்கிறார்கள்.

கேள்வி: உழவர் ஏன் மகிழ்கிறார்கள்?

எனக்கு இது கைவந்த வேலை.
புலமைப்பரிசில் வகுப்பிலேயே பழக்கிவிட்டார்கள்.
கேள்வியில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடு,
கண்ட இடத்துக்கு முன்வரியை இறக்கி வை.
விளங்கத் தேவையில்லை.
முட்டான் லொப்பியைத் திணுக்கினான். லொப்பி கிரவியது.
லொப்பி ஏன் கிரவியது?
முட்டான் திணுக்கியதால். முழுப்புள்ளி.

சமாதானம் கொடுக்கப்பட்டதால், என்று எழுதினேன்.
பதினொரு பேரில் பத்துப் பேர் அதையே எழுதினோம்.
டெஸ்மன் கிறிசாந்த் மட்டும்
தாளின் மறுபக்கத்துக்கும் போனான்:

"குயியா என்றால் ஏனெனில். இங்கே குயியா இல்லை.
வாக்கியங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான்.
ஆப் என்ற சொல்லும் இல்லை.
இலத்தீனில் அது ஆறாம் வேற்றுமை கேட்கும்,
எங்கள் இலக்கணத்தில் மூன்றாவது: ஆல்.
ஆரால் எடுக்கப்பட்டது? ஆரால் கொடுக்கப்பட்டது?
ஒரே ஆளாயும் இருக்கலாம்.
உழவர் பொய் சொல்கிறார்கள்."

இரண்டு நாள் தாள்கள் சிஸ்டர் ஒடில்லாவின் கூடையிலேயே கிடந்தன.
மூன்றாம் நாள் வந்து பத்துப் பேருக்கும் இரண்டு குறைத்தா.
டெஸ்மன் சிரிக்கத் தயாரானான்.
"உனக்கும் ஒன்று குறைவு. உழவர் பேசுகிற வரி எது? காட்டு."
தேடினான்.
உழவர் எங்கும் வாய் திறக்கவில்லை.
மகிழ்கிறார்கள் என்று சொன்னது வேறு ஆரோ.
அந்த ஆரோவுக்கும் பெயர் இல்லை.

மணி அடித்தது.
ஒருவரும் எழும்பவில்லை என்று எழுத ஆசை.
உண்மையில் எல்லாரும் சோற்றுக்கு ஓடினோம்.

வருத்தம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.
மின்சாரம் துண்டிக்கப்படும்.
கட்டணம் உயர்த்தப்பட்டுள்ளது.
நிலைமை கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது.
பத்திரிகையை விரித்தால்
கண் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஆல் தேடியது.
என் வாயும் தப்பவில்லை.
சாப்பாட்டு மேசையில், "கிளாஸ் உடைஞ்சு போச்சு" என்றேன்.
எதிரே டெஸ்மன் சோற்றைப் பிசைந்தபடி,
"ஆரால?"

மாதக் கடைசி ஞாயிறு. சுன்னாகத்து வாடகை வீடு.
அம்மா பிரதேச செயலகப் படிவத்தை விரித்து வைத்திருந்தா.
மயிலிட்டிக் காணி. ஏழாவது தடவை.
பதினான்காம் கேள்வி:
காணி கைவிடப்பட்ட திகதி.
எட்டுச் சின்னப் பெட்டிகள்.

பேனையைத் திறந்தா.
"பொறுங்கோ," என்றேன். "கைவிட்டது ஆர்?"
"விசரா, திகதியைத்தானே கேக்கிறாங்கள்."
பிறகு தானே அந்த வரியை வாசித்தா.
இன்னொருமுறை, உதடு மட்டும் அசைய.
"ஷெல் விழேக்க அடுப்பில உலை கொதிச்சுக்கொண்டிருந்தது," என்றா.
"உலையை இறக்காமல் ஓடுறதுக்குப் பேர் கைவிடுறதோ?"

பெட்டிகளை எண்ணினோம்.
நாங்கள் விடவில்லை. ஒன்பது எழுத்து, அடங்காது.
நாம் விடவில்லை. ஏழு.
"நாம் எண்டால் வாசிக்கிற கிளாக்கரும் உள்ளுக்கு வந்திடுவார், அம்மா."
"வரட்டும்."
மிஞ்சிய பெட்டிக்குள் ஒரு முற்றுப்புள்ளி,
தாள் துளைபடும் அளவுக்கு.

மூன்று கிழமையில்
படிவம் திருப்பி அனுப்பப்பட்டது.